மன்னார் நண்டும் நம் மனச்சாட்சியும்

வெளிநாடு சென்று திரும்பும் நம்மவர்கள் எழுதும் பயணக் கட்டுரைகளில் பெரும்பகுதி சாப்பாட்டைப் பற்றியதாகவே இருக்கிறது. குற்றமில்லை. ஒரு நாட்டை நாவினால் அறிவதும் அறிதலே. ஆனால், தட்டிலிருந்த மீனைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள், அதைப் பிடித்தவரைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை. இலங்கைக்குச் செல்லும் தமிழ்நாட்டுப் பயணிக்கு இந்த மௌனம் அழகன்று என்பதே என் வாதம்.

நாகப்பட்டினம் - காங்கேசன்துறைக் கப்பல் சேவை 2023 அக்டோபரில் தொடங்கிய பின்னர், யாழ்ப்பாணத்தையும் அதற்கு அப்பாலும் பார்த்துவர விரும்புவோர் பெருகியுள்ளனர். நானும் சென்றேன். பூநகரி வழியாக மன்னார்த் தீவை அடைந்து, அதன் வடகரையிலுள்ள பேசாலையில் ஒரு மீனவர் வீட்டில் உண்டேன். இடியப்பம், தேங்காய்ப்பாலில் வெந்த நண்டுக்கறி, கணவாய்ப் பொரியல். வெட்கமின்றி இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன்.

கை கழுவிய பிறகுதான் வீட்டுக்காரர் கிழிந்த வலையைக் காட்டினார். நண்டு வலையைக் கடலடியில் விரித்துவிட்டு வந்து, மறுநாள் விடியலில் எடுப்பது அவர்கள் வழக்கம். இரவில் வரும் இழுவைப் படகுகள் அதை அறுத்துக்கொண்டு போய்விடுகின்றன. "வலை போனால் அந்த வருசமே போன மாதிரித்தான் ஐயா" என்றார். அப்படகுகள் எந்தக் கரையிலிருந்து வருகின்றன என்பதை அவர் சொல்லவில்லை. விருந்தினரிடம் சொல்லலாகாது என்று எண்ணினார் போலும்.

நான் சொல்கிறேன். அவை நம் கரையிலிருந்துதான் செல்கின்றன.

கனத்த பலகைகளைக் கட்டிக் கடலடியைச் சுரண்டிச் செல்லும் வலை, மீனை மட்டும் அள்ளுவதில்லை; இறாலும் நண்டும் வளரும் கடற்புல்லையும் சேர்த்தே பெயர்க்கிறது. அதனால்தான் இலங்கை 2017-இல் சட்டமியற்றி இழுவைமடித் தொழிலைத் தடை செய்தது. நாமும் அறியாதவர்கள் அல்லர். மீன்வளம் பெருகட்டுமென்று ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் நம் விசைப்படகுகளைக் கரையில் நிறுத்துகிறோமே! நம் கடலுக்கு ஓய்வு வேண்டும், அடுத்தவர் கடலுக்கு வேண்டாமா?

"கச்சத்தீவும் அப்பாலும் நம் பாட்டன் மீன் பிடித்த கடல்" என்பார்கள். உண்மைதான். ஆனால் பாட்டன் இழுவைமடி கொண்டு போனாரா? அது 1950களுக்குப் பின் நார்வே நாட்டு உதவியோடு நம் நாட்டில் பரவிய தொழில். பாரம்பரிய உரிமை என்பது மீன் பிடிக்கும் உரிமையேயன்றிக் கடலைச் சுரண்டும் உரிமையன்று. போர்க் காலத்தில் வடபுலத்து மீனவர்கள் கடலுக்குப் போகத் தடை இருந்தது. ஆளில்லாத கடலில் நம் படகுகள் பழகிவிட்டன. 2009-இல் போர் முடிந்து கடலுக்குரியவர்கள் திரும்பி வந்த பின்னரும் பழக்கம் விடவில்லை.

நம் மீனவர்களைச் சுடுவதையும் அடிப்பதையும் நான் நியாயப்படுத்தவில்லை. அது கொடுமை, கண்டிக்கத்தக்கது. கைதாகிச் சிறையில் வாடுகிறவர்களுள் பெரும்பாலோர் படகு முதலாளிகளும் அல்லர், பங்குக் கூலிக்குப் போனவர்கள். அவர்களைக் காக்கும் வழி, இழுவைமடியை விட்டு வெளியேற உதவுவதே. பாக் நீரிணையின் 2,000 படகுகளை ஆழ்கடல் மீன்பிடிக்கு மாற்றும் திட்டம் 2017-இல் அறிவிக்கப்பட்டது. அது இலக்கின் அருகில்கூட வரவில்லை. இதைக் கேட்டு எத்தனை பேர் குரல் கொடுத்தோம்?

ஈழத் தமிழருக்காக மேடைதோறும் கண்ணீர் வடித்த தமிழ்நாடு, அதே தமிழரின் வலை அறுபடும்போது வாய்மூடி இருக்கிறது. அறுப்பது சிங்களவர் அல்லர் என்பதாலா?

மன்னாருக்குப் போங்கள். நண்டை ருசியுங்கள். திரும்பிவந்து எழுதும்போது அந்தக் கிழிந்த வலையையும் எழுதுங்கள். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யலாகாது என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள், கடல் கடந்த வீட்டுக்கு அது பொருந்தாது என்று சொல்லவில்லை.