சம்பந்தி மனசில் என்ன இருக்கு?

கல்யாணம் கூடி வரணும் என்று மாலையும் கையுமாக வருகிறவர்களுக்குத் திருவிடந்தை நித்ய கல்யாணப் பெருமாள் கோயில் ரொம்பப் பழக்கம். 2018 ஏப்ரலில் அதே ஊருக்கு டாங்கிகளும் பீரங்கிகளும் வந்தன. நான்கு நாள் ராணுவத் தளவாடக் கண்காட்சி. கல்யாணத்துக்கும் பீரங்கிக்கும் என்ன சம்பந்தம்? இரண்டிலும் எதிரே இருப்பவர் நிஜமாகவே என்ன விரும்புகிறார் என்பது பாதிதான் தெரியும்.

இந்தச் சிக்கலுக்குக் கணக்கு போட்டவர், ஹங்கேரியில் பிறந்த ஜான் ஹர்சானி. 1960களில் அமெரிக்காவின் ஆயுதக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு ஆலோசனை சொன்ன சுமார் பத்து இளம் நிபுணர்களில் அவரும் ஒருவர். சோவியத் என்ன நினைக்கிறது என்று ஒரே ஊகத்தில் நிற்காதீர்கள். எதிராளி இன்னின்ன ரகமாக இருக்கலாம் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இத்தனை வாய்ப்பு என்று வையுங்கள். அவர் செய்வதைப் பார்த்துப் பார்த்து அதை மாற்றுங்கள் என்றார். 1994-ல் நோபல் பரிசு கிடைத்தது.

நம்ம வீட்டு உதாரணம் பார்ப்போம். 20 மாப்பிள்ளை வீடுகள். பாதிப் பேர் வரதட்சணை எதிர்பார்ப்பவர்கள், பாதிப் பேர் நிஜமாகவே வேண்டாதவர்கள் என்று வைத்துக்கொள்வோம். “எங்களுக்கு ஒண்ணும் வேணாம், பொண்ணைக் கொடுத்தா போதும்” என்று 20 வீட்டிலும் சொல்வார்கள். (சொல்லாத வீடு உண்டா என்ன!) ஆக, அந்த வார்த்தையால் உங்கள் கணக்கு இம்மியும் மாறாது. “கல்யாணச் செலவில் பாதி எங்களுடையது” என்று முன்பணம் கட்டுகிறவர்கள், வேண்டாதவர்களில் 6 பேர், எதிர்பார்ப்பவர்களில் ஒரே ஒருவர் என்றால்? கட்டிய வீடு நல்ல இடமாக இருக்க 7-ல் 6 வாய்ப்பு. கைக்காசு செலவாகும் அடையாளத்துக்குத்தான் மதிப்பு.

திருவிடந்தையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் கொஞ்ச தூரம் தெற்கே போனால் மாமல்லபுரம். 2019 அக்டோபர் 11, 12-ல் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் பிரதமர் மோடியும் அங்கே சந்தித்தார்கள். வேட்டி, இளநீர், வெண்ணெய் உருண்டைப் பாறை முன்னால் படம். எல்லாம் அழகுதான். ஆனால் சமாதானம் விரும்பும் தலைவரும் அந்தப் பாறை முன்னால் சிரிப்பார், எல்லையில் நெருக்க நினைப்பவரும் சிரிப்பார். அந்தப் படத்தை வைத்து எந்த ரகம் என்று பிரிக்க வழியில்லை.

எட்டே மாதம். 2020 ஜூன் 15 இரவு, லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் நடந்த மோதலில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் பழனி.

அதற்காகச் சந்திப்பே வீண் என்று சொல்லிவிட முடியாது. நம்மைப் பற்றி அவர்களுக்கும் பாதிதான் தெரியும். பேச்சே இல்லாவிட்டால் இரு பக்கமும் மோசமான ரகத்தையே கற்பனை செய்துகொள்ளும். ஆனால் கணக்கை மாற்ற வேண்டியது எல்லைச் சாலை, முகாம், படை நகர்வு போன்ற செலவு பிடிக்கும் விஷயங்கள்.

2024 அக்டோபரில் டெப்சாங், டெம்சோக் பகுதிகளில் இரு தரப்பும் உடன்பாடு செய்து, எதிரெதிரே நின்ற படைகளை விலக்கிக்கொண்டன. மாமல்லபுரத்துச் சிரிப்பைவிட இதற்குக் கூடுதல் மார்க் போடலாம்.