அப்பல்லோவுக்கு ஒரு முட்டு



இம்மாத அட்டையில் இருப்பவர் அப்பல்லோ. வத்திக்கானின் பெல்வதேர் முற்றத்துப் பளிங்குச் சிலை. 1764-இல் வெளிவந்த தன் கலை வரலாற்று நூலில் விங்கெல்மான் தலைமேல் வைத்துக் கொண்டாடியது இதைத்தான். நெப்போலியன் பாரிசுக்கு அள்ளிக்கொண்டு போனதும், அவர் வீழ்ந்தபின் ஊர் திரும்பியதும் இதுவேதான். முகத்தை ரசித்து முடித்ததும் கண்ணைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். வலது காலை ஒட்டி ஓர் அடிமரம். அதில் ஒரு பாம்பு ஊர்கிறது. பைத்தான் என்ற பாம்பைக் கொன்ற தெய்வம் என்பதால் கதைக்குப் பொருத்தம்தான். ஆனால் அந்த மரம் அங்கே முளைத்ததற்கு முதற்காரணம் புராணம் இல்லை, பாரம்.

சிலை கி.பி. 2-ஆம் நூற்றாண்டு ரோமானிய வேலை. கிரேக்க மூலம் அதற்கு நானூறு ஆண்டுகளுக்கு மேல் முந்திய வெண்கலம் என்பது பலருடைய கருத்து. வெண்கல வார்ப்புக்கு உள்ளே வெற்றிடம். இரண்டு கணுக்காலில் நின்றபடியே கையை வீசி நீட்டிவிடலாம். பளிங்கு உள்ளும் புறமும் கல். அத்தனை எடையும் கணுக்காலில் இறங்கினால் அங்கேயே முறியும். அதனால்தான் காலோரம் ஒரு மரம், சில சிலைகளில் இடுப்புக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே ஒரு கல்துண்டு என்று முட்டுக் கொடுத்தார்கள்.

நகலெடுத்த விதம் இன்னும் சுவை. நேப்பிள்ஸ் அருகே பாயே என்ற ஊரில் 1954-இல் நூற்றுக்கணக்கான பிளாஸ்டர் துண்டுகள் கிடைத்தன. புகழ்பெற்ற கிரேக்க வெண்கலங்களின்மேல் அச்செடுத்து வார்த்தவை அவை. பளிங்குச் சிற்பிகளின் பட்டறையில் மாதிரியாக இருந்தவை. ஏதென்ஸ் சந்தையில் நின்ற ஹெர்மெஸ் சிலைமேல் சிற்பிகள் தினமும் கீல் பூசி அச்செடுத்ததை, அங்கதக்காரர் லூசியன் கேலியாக எழுதிவைத்திருக்கிறார். கடவுளுக்கும் ஓய்வில்லை!

நகல் என்றதும் உதட்டைப் பிதுக்குபவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. மூலங்களில் பெரும்பாலானவை உலையில் உருகிப்போயின. ஆர்டெமிசியன் முனையருகே 1920-களில் கடலிலிருந்து மீட்ட வெண்கலக் கடவுள்கூட (ஸீயஸா, பொசைடனா என்று இன்னும் வழக்கு ஓய்ந்தபாடில்லை) கப்பலோடு மூழ்கியதால்தான் தப்பினார். பளிங்குக்கும் சுண்ணாம்புக் காளவாய் என்ற எமன் உண்டு, மீந்தவை மீந்தன. கிரேக்கச் சிற்பி ஃபிடியாஸ் பொன்னும் தந்தமுமாகச் சமைத்த, பதினோரு மீட்டருக்கு மேல் உயர்ந்த அதீனா இன்று இல்லை. 1880-இல் ஏதென்ஸில் கிடைத்த அவளுடைய நகல், சுமார் ஒரு மீட்டர் உயரப் பளிங்கு அதீனா, இருக்கிறாள். அழகி என்று சொல்லமாட்டேன், விறைப்பானவள். ஆனால் தலைக்கவசம் எப்படி, கேடயத்தின் உட்புறம் பாம்பு எங்கே என்று நமக்குக் காட்டித் தருபவள் அவள்தான்.

கி.மு. 146-இல் கிரேக்க நகரான கொரிந்துவைச் சூறையாடிய ரோமானியத் தளபதி மம்மியஸ், கலைச்செல்வங்களை ரோமுக்குக் கப்பலேற்றும்போது ஒப்பந்தக்காரர்களை மிரட்டினாராம்: வழியில் தொலைத்தால், பதிலுக்குப் புதிதாகச் செய்து தரவேண்டும்! இப்படியும் ஒரு ரசனைகெட்ட மனிதரா என்று ரோமானிய வரலாற்றாசிரியர் ஒருவர் அவரைக் குத்திக்காட்டினார். அடுத்து வந்த சில நூற்றாண்டுகள் ரோமானியப் பட்டறைகள் ஏறக்குறைய அதைத்தான் செய்துகொண்டிருந்தன.

அன்புடன்,
ஆசிரியர்