டேப் செய்தவன் கோழையல்ல

2016 மார்ச் 5, லாஸ் வேகாஸ். யுஎஃப்சி 196 என்ற எம்எம்ஏ (கலப்புத் தற்காப்புக் கலை) போட்டித்தொடர் நடந்த அந்த ஒரே இரவில் இருவர் ஒரே மாதிரியான பிடியில் சிக்கித் தோற்றார்கள். மீஷா டேட் பின்னாலிருந்து கழுத்தைப் பூட்டியபோது சாம்பியன் ஹாலி ஹோம் தட்டவில்லை. நினைவு தப்பும் கணத்தில்கூட வெறும் காற்றைக் குத்திக்கொண்டிருந்தார், பட்டம் பறிபோனது. அடுத்த போட்டியில் நேட் டியாஸ் அதே பிடியைப் போட, கானர் மெக்ரிகர் கையால் தட்டி, அதாவது டேப் செய்து, தோல்வியை ஒப்புக்கொண்டார். ரசிகர்களில் பலர் உடனே தீர்ப்பு எழுதிவிட்டார்கள்: ஹோம் வீராங்கனை, மெக்ரிகர் பயந்தாங்கொள்ளி.

இந்தத் தீர்ப்பு தவறு. உண்மையான சண்டைக்காரன் கை ஒடிந்தாலும் டேப் செய்யமாட்டான் என்ற எண்ணம் எம்எம்ஏ பார்க்கிறவர்களிடம் வேரோடிப் போயிருக்கிறது. புறமுதுகு காட்டுவதைப் பேரிழிவாகக் கேட்டு வளர்ந்த நமக்கு அது சுலபமாகப் பிடித்தும் போகிறது. ஆனால் பயந்தாங்கொள்ளி எனப்பட்ட அந்த மெக்ரிகர்தான் ஐந்தே மாதத்தில் டியாஸைத் திரும்ப அழைத்து ஜெயித்தார். அதே ஆண்டு நவம்பரில் எடி ஆல்வரஸை வீழ்த்தி, யுஎஃப்சியில் ஒரே நேரத்தில் இரண்டு எடைப்பிரிவுப் பட்டங்களை வைத்திருந்த முதல் ஆளானார். பயந்தவன் செய்கிற வேலையா இது?

தட்டுவது ஏன் தேவை என்று புரிய, ஆர்ம்பார் என்னும் கைமூட்டுப் பிடியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். எதிராளியின் கையைத் தன் தொடைகளுக்கு நடுவே இழுத்து, கால்களை அவருடைய மார்புக்கும் முகத்துக்கும் குறுக்கே போட்டு, மணிக்கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இடுப்பை மேலே தூக்குகிறார் ஒருவர். முழங்கை மடங்குகிற திசைக்கு நேர் எதிராக ஒரு முழு உடம்பின் பலமும் இறங்குகிறது. எவ்வளவு நெஞ்சுரம் இருந்தாலும் மூட்டு தாங்குகிற அளவு கூடிவிடப்போவதில்லை.

2004 ஜூனில் டிம் சில்வியாவுக்கு இதுதான் நடந்தது. ஹெவிவெயிட் பட்டப் போட்டியின் முதல் நிமிடம் முடிவதற்குள் ஃபிராங்க் மிர் ஆர்ம்பார் போட்டார். நடுவர் ஹெர்ப் டீன் பாய்ந்து ஆட்டத்தை நிறுத்தினார். தனக்கு ஒன்றுமில்லை என்று சில்வியா மல்லுக்கு நின்றார். அரங்கம் நடுவரைத் திட்டிக் கூச்சல் போட்டது. பெரிய திரையில் மறுபடி காட்டியபோதுதான் முன்கை எலும்பு முறிவது எல்லோர் கண்ணிலும் பட்டது. பின்னாளில் சில்வியாவே டீனுக்கு நன்றி சொன்னார். கூச்சல் போட்டவர்கள் கேட்டது வீரத்தை அல்ல, இன்னொருவரின் எலும்பை.

தட்டக்கூடாது என்ற இந்த எண்ணத்துக்கு நீண்ட பரம்பரையும் உண்டு. 1951-இல் ரியோவின் மரக்கானா மைதானத்தில் ஜப்பானின் மசாஹிகோ கிமுரா கையை முறுக்கியபோது பிரேசிலின் ஹெலியோ கிரேசி தட்டவேயில்லை. அவருடைய அண்ணன் கார்லோஸ்தான் தோல்வியை ஏற்று ஆட்டத்தை முடித்துவைத்தார். அந்தப் பிடிக்கு இன்றும் கிமுரா என்றே பெயர். ஹெலியோவின் பிடிவாதத்தைக் கதைகதையாகச் சொல்கிறவர்கள், தம்பிக்காகத் தோல்வியை ஏற்ற அண்ணனைப் பற்றி வாய் திறப்பதில்லை.

தொழில்முறைச் சண்டைக்காரரின் கணக்கை அறிய ஜார்ஜ் செயின்ட்-பியரைப் பார்த்தால் போதும். கனடாவின் கியூபெக்கைச் சேர்ந்த அவருக்கு 2004 அக்டோபரில் முதல் பட்டப் போட்டி, வயது 23. எதிரே அவர் அண்ணாந்து பார்த்த மேட் ஹியூஸ். முதல் சுற்று முடிய ஒரே ஒரு நொடி இருக்கும்போது ஹியூஸின் ஆர்ம்பாரில் டேப் செய்தார். அந்த ஒரு நொடியைச் சொல்லிச் சொல்லியே அவரைப் பழித்தவர்கள் உண்டு. அன்று தான் மிரண்டுபோயிருந்ததை அவரும் மறைத்ததில்லை. ஆனால் முழங்கை பத்திரமாக வீடு திரும்பியது. 2006-இல் ஹியூஸை வீழ்த்திப் பட்டம் வாங்கினார். 2007 டிசம்பரில் மூன்றாம் முறை மோதியபோது ஆர்ம்பார் போட்டவர் செயின்ட்-பியர். வாயாலேயே சரணடைந்தவர் ஹியூஸ். அந்த ஹியூஸ் இரண்டு முறை பட்டம் வென்ற மனிதர். 26 வெற்றி, 2 தோல்வியோடு ஓய்வுபெற்ற செயின்ட்-பியர் அந்த இரண்டு தோல்விகளுக்குமே பதிலடி கொடுத்திருந்தார்.

ஹோம் செய்தது முட்டாள்தனம் என்று இங்கே வாதிடவில்லை. அது ஐந்தாவது, கடைசிச் சுற்று. புள்ளிகளில் அவர்தான் முன்னிலை. ஒன்றரை நிமிடம் தாண்டினால் பட்டம் அவருடையது. கழுத்துப் பிடியில் மூளைக்குப் போகும் ரத்தம் தடைபட்டு மயக்கம் வருகிறது. பிடியை உடனே விட்டால் பெரும்பாலும் சில நொடிகளில் நினைவு திரும்பிவிடும். மூட்டுப் பிடி அப்படியல்ல, கிழிந்த தசைநார் மாதக்கணக்கில் ஆளை முடக்கிவிடும். ஹோம் தன் நிலைமையைப் பார்த்து ஒரு முடிவெடுத்தார், மெக்ரிகர் தன் நிலைமையைப் பார்த்து வேறொன்று எடுத்தார். அதை வைத்துத் துணிச்சலுக்கு மதிப்பெண் போட வெளியிலிருப்பவருக்கு உரிமையில்லை.

தட்டக்கூடாது என்ற நம்பிக்கையின் விலையைக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் பெயர் தெரியாத இளைஞர்கள். பயிற்சிக் கூடத்தில் ஒரே மாலையில் பலமுறை டேப் செய்து, பிடி விட்டதும் கைகுலுக்கி, மறுபடி தொடங்குவதுதான் இந்தக் கலையைக் கற்கும் வழி. தட்டினால் கேவலம் என்று நினைக்கும் பையன் அங்கேயே, பார்வையாளர் யாருமில்லாத பாயில், முழங்கையைக் கெடுத்துக்கொள்கிறான். வர்ணனையாளர்கள் தட்டாதவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடுவதை நிறுத்தட்டும். பயிற்சியாளர் முதல் நாள் பிடி போடச் சொல்லித்தருவதற்கு முன்பே தட்டச் சொல்லித்தரட்டும். தட்டிய பிறகும் பிடியை விடாதவனை அன்றே வெளியே அனுப்பட்டும்.