ஆபரேஷனுக்கு லீவு உண்டு, எக்சர்சைஸுக்கு?

"ஜவ்வு கிழிஞ்சிருக்கு" என்று எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் சொன்னதும் எங்கள் வீட்டில் கேட்ட முதல் கேள்வி, "அப்ப ஆபரேஷன்தானா?" எந்த ஜவ்வு என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

முட்டிக்குள்ள இருக்கிற எல்லாத்துக்கும் நாம ஒரே பேர் வெச்சிருக்கோம். எலும்பையும் எலும்பையும் கயிறு மாதிரி கட்டியிருக்கிற லிகமென்ட்டும் ஜவ்வு. தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவுல பிறை வடிவத்துல இருக்கிற ரெண்டு மெனிஸ்கஸும் ஜவ்வு. எலும்பு நுனியில வழவழன்னு படிஞ்சிருக்கிற குருத்தெலும்பும் ஜவ்வு. (குருத்தெலும்புங்கிற வார்த்தையே முட்டி போனதுக்கு அப்புறம்தான் எனக்குத் தெரியும். ஸ்கூல் முழுக்க அதை கார்ட்டிலேஜ்னு மட்டும்தான் படிச்சேன்.) ஆனா மூணும் ஆறுற விதம் வேற வேற. குருத்தெலும்புல ரத்தக் குழாயே கிடையாது, அதனால தானா ஆறுறது ரொம்பக் கம்மி. மெனிஸ்கஸுக்கு வெளி ஓரத்துல மட்டும் ரத்த ஓட்டம் உண்டு. அங்க கிழிஞ்சா தையல் போட்டு ஒட்ட வைக்க வாய்ப்பு இருக்கு, உள் ஓரத்துல கிழிஞ்சா கஷ்டம். "எங்க மாமாவுக்கும் ஜவ்வுதான், ஆபரேஷன் பண்ணதும் ஓடுறாரு"ன்னு சொல்றவங்க எந்த ஜவ்வைச் சொல்றாங்கன்னு அவங்களுக்கே தெரியாது.

எனக்குப் போனது மெனிஸ்கஸ். போன வருஷம் வாலிபால்ல குதிச்சு இறங்கும்போது முட்டி திரும்பிடுச்சு. வாலாஜாபாத்ல எங்க தெருவுலயே ஒரு அண்ணன் இருக்கார், ஒரகடத்துல ஒரு கம்பெனியில கான்ட்ராக்ட்ல வேலை. அவருக்கும் நாலு மாசம் முன்னாடி அதே மாதிரி ஆச்சு. ரெண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தோம், கிட்டத்தட்ட ஒரே வரி. நான் மூணு மாசம் எக்சர்சைஸ் பண்ணேன், இப்போ ஏணி ஏறி மொட்டை மாடிக்குப் போறேன். அவருக்கு ஆபரேஷன் தேதி குறிச்சாச்சு.

இந்த வித்தியாசம் முட்டியால வந்ததில்லைங்கிறதுதான் என் கட்சி.

2022ல டென்மார்க்ல நடந்த ட்ரீம்ங்கிற ஆராய்ச்சியோட முடிவு வெளியாச்சு. 18லேர்ந்து 40 வயசுக்குள்ள, மெனிஸ்கஸ் கிழிஞ்ச 121 பேர், அதாவது நம்ம வயசு ஆளுங்க. பாதிப் பேருக்கு உடனே ஆபரேஷன். மீதிப் பேருக்கு 12 வாரம் ஃபிசியோ பார்த்து சொல்லித் தர்ற எக்சர்சைஸ், தேவைப்பட்டா பின்னாடி ஆபரேஷன். ஒரு வருஷம் கழிச்சு வலியிலயும் நடமாட்டத்துலயும் ரெண்டு குரூப்புக்கும் சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்லை. எக்சர்சைஸ் குரூப்ல சுமார் கால்வாசிப் பேர் கடைசியில ஆபரேஷனுக்குப் போனாங்க, அதையும் மறைக்கக் கூடாது. முக்கால்வாசிப் பேருக்கு அந்த ஒரு வருஷத்துல கத்தி தேவைப்படலை.

நான் ஆபரேஷனுக்கு எதிரி இல்லை. கிழிஞ்ச துண்டு நடுவுல மாட்டிக்கிட்டு முட்டி நீட்டவே முடியாம லாக் ஆயிட்டா, வீட்டுல உட்கார்ந்து காலைத் தூக்கிட்டு இருக்கக் கூடாது, சீக்கிரம் போகணும். அந்த மாதிரி முட்டிங்களை டென்மார்க்காரங்க ஆராய்ச்சியிலயே சேர்க்கலை.

ஆபரேஷன்லயும் ரெண்டு வகை இருக்கு. தையல் போட்டா சில வாரம் ஊன்றுகோல், விளையாடப் போக நாலஞ்சு மாசத்துக்கு மேல ஆகும். கிழிஞ்ச பகுதியை வெட்டி எடுத்துட்டா சில வாரத்துலயே வேலைக்குப் போயிடலாம். எது கம்பெனிக்குப் பிடிக்கும்னு சொல்லத் தேவையில்லை. ஆனா மெனிஸ்கஸ்ங்கிறது சும்மா இருக்கிற வாஷர் இல்லை. நம்ம உடம்பு பாரத்தை அகலமாப் பரப்பி எலும்புக்கு அனுப்புறதே அதுதான். லோடு அதே, ஏரியா குறைஞ்சா ஸ்ட்ரெஸ் என்ன ஆகும்? செகண்ட் இயர்லயே படிச்சோம். மெனிஸ்கஸை எடுத்த முட்டிகள்ல வர்ற மாற்றங்களை ஃபேர்பேங்க் என்கிற டாக்டர் எக்ஸ்ரேல பார்த்து 1948லயே எழுதிட்டார். இப்போ முழுசா எடுக்கிறதில்லை, கொஞ்சம்தான் வெட்டுறாங்க. இருந்தாலும் சீக்கிரம் வேலைக்கு அனுப்புற வழியே முட்டிக்கு நல்ல வழின்னு ஆயிடாது.

அண்ணன்கிட்ட "எக்சர்சைஸ் ட்ரை பண்ணீங்களா?"ன்னு கேட்டேன். "எட்டு மணி நேரம் நின்னுட்டு, பஸ்ல ஒரு மணி நேரம் வந்துட்டு, எப்படி தம்பி பண்றது? ஆபரேஷன்னா பேப்பர் இருக்கும், லீவு குடுப்பான். காலைத் தூக்கி இறக்கணும்னு சொன்னா சிரிப்பான்"னார்.

சட்டப்படி பார்த்தா கணக்கு உதைக்கலை. மாசச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள்ள இருக்கிறவங்களுக்கு இ.எஸ்.ஐ. இருக்கு. வேலை செய்ய முடியாத நிலைன்னு டாக்டர் சான்றிதழ் கொடுத்தா வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் சம்பளத்துல 70 சதவீதம் கிடைக்கும். 12 வாரம்னா 84 நாள்தான். ஆனா நடந்து வர்ற ஆளுக்கு அந்தச் சான்றிதழ் கிடைக்கிறது சுலபமில்லை. கான்ட்ராக்ட் ஆளு மூணு மாசம் வரலைன்னா அவர் இடம் அப்படியே இருக்கும்ங்கிற நம்பிக்கையும் அவருக்கு இல்லை.

உண்மையில அவருக்கு 84 நாள் லீவே தேவையில்லை. வாரத்துக்கு ரெண்டு நாள் ஃபிசியோவுக்குப் போக நேரம், உட்கார்ந்து செய்யற ஒரு ஸ்டேஷன், ஒரு ஸ்டூல். நின்னுக்கிட்டே வேலை செய்யறவங்க இடையில உட்கார வசதி செஞ்சு தரணும்னு 1948 தொழிற்சாலைகள் சட்டத்தோட 44ஆவது பிரிவுலயே இருந்துச்சு. ஃபேர்பேங்க் எழுதின அதே வருஷம். கடைகள்ல நிக்கிறவங்களுக்கு உட்கார இடம் வேணும்னு தமிழ்நாட்டுல 2021ல சட்டத் திருத்தம் வந்தப்ப எல்லாரும் பேசினோம், ஃபேக்டரிக்கு அது எப்பவோ இருக்கு.

காலேஜ் மட்டும் ஒழுங்கான்னு கேட்காதீங்க. 75 சதவீதம் அட்டெண்டன்ஸ் வேணும், 65க்கு மேல இருந்தா மருத்துவக் காரணம் காட்டலாம். டிஸ்சார்ஜ் சம்மரியை நீட்டினா உடனே சைன். நான் ஃபிசியோ சீட்டை நீட்டினப்ப, "நடந்துதானே வர்றே?"ன்னு கேட்டாங்க. எனக்கு சதவீதம் மிச்சம் இருந்துச்சு, தப்பிச்சேன்.

வருண் சக்கரவர்த்தியை எல்லாருக்கும் தெரியும். நம்ம பக்கத்துல, காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம்.ல ஆர்க்கிடெக்சர் படிச்சவர். கிளப் கிரிக்கெட்ல வேகப்பந்து போட்டப்ப முட்டியில அடிபட்டுது, திரும்பி வந்தப்ப ஸ்பின்னரா வந்தார். 2025 சாம்பியன்ஸ் டிராபியில நியூசிலாந்துக்கு எதிரா அஞ்சு விக்கெட் எடுத்தது அந்த ஸ்பின்தான். முட்டிக்கு ஏத்த மாதிரி வேலையை மாத்திக்க அவருக்கு இடம் இருந்துச்சு. அண்ணன் கேட்கிறதும் அதேதான், அவருக்கு மாற வேண்டியது ஸ்டேஷன் மட்டும்.

அதைத் தர்றதா வேண்டாமான்னு சொல்லப் போறது யாரு? பிளேஸ்மென்ட் ஆனவங்கள்ல எத்தனையோ பேர் ஜூலையில இதே ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் லைன்லதான் டிரெய்னியா நிக்கப் போறோம். ரெண்டு வருஷத்துல நம்ம கையில ஷிஃப்ட் ஷீட் இருக்கும். முட்டி வலிக்குதுன்னு வர்ற ஆள் நம்மளை விடப் பத்து வயசு பெரியவரா இருப்பார், "சார்"னு கூப்பிடுவார்.

அண்ணனுக்கு அடுத்த மாசம் தேதி. தையலா, வெட்டி எடுக்கிறதான்னு கேட்டீங்களான்னு விசாரிச்சேன், கேட்கலையாம். ரிப்போர்ட்டை எடுத்துக்கிட்டு இன்னொரு டாக்டரைப் பார்க்கலாம், நானும் வர்றேன்னு சொல்லியிருக்கேன். அவருக்கு ஞாயித்துக்கிழமைதான் முடியும். ஞாயித்துக்கிழமை ஓ.பி. கிடையாது.