கை தேறிவிட்டதா? கைக்கு உரியவரைக் கேளுங்கள்



வெண்பலகை, பயிற்சிப் புத்தகத் திருத்தம், கணினி என்று ஆசிரியர்களின் மணிக்கட்டு படும் பாட்டை நான் சொல்லத் தேவையில்லை. நம் சமூகத்தில் நீரிழிவும் மிகுதி. அந்நோய் உடையோருக்கு மணிக்கட்டில் நரம்பு நெருக்குறும் 'கார்ப்பல் டனல்' சிக்கலும், விரல் மடங்கிப் பூட்டிக்கொள்ளும் 'டிரிக்கர் ஃபிங்கர்' சிக்கலும் கூடுதலாக வருகின்றன. சிலருக்கு அறுவை சிகிச்சை வரை போகிறது.

அதன்பின் கை தேறிவிட்டதா என எவ்வாறு அறிவது? மருத்துவர் தையலைப் பார்க்கிறார். பிடிவலிமையைக் கருவியால் அளக்கிறார். விரல் எவ்வளவு மடங்குகிறது எனக் குறித்துக்கொள்கிறார். இவையெல்லாம் வேண்டியவையே. ஆனால், நள்ளிரவில் விரல்கள் மரத்துப்போய், எழுந்து உட்கார்ந்து கையை உதறுகிறாரே, அதை எந்தக் கருவி அளக்கும்?

அதற்கென்றே எளிய வினாத்தாள்கள் உள்ளன. 1993இல் வெளிவந்த பாஸ்டன் வினாத்தாள் கார்ப்பல் டனல் நோயாளிகளுக்கு உரியது. அறிகுறிகள் பற்றி 11 வினாக்கள், அன்றாடச் செயல்கள் பற்றி 8. எழுதுதல், பொத்தான் போடுதல், படிக்கும்போது நூலைப் பிடித்திருத்தல் என அப்பட்டியல் செல்கிறது. யாரோ ஓர் ஆசிரியரை மனத்தில் வைத்து எழுதினார்களோ என்னவோ!

தோள் முதல் விரல் வரை எச்சிக்கலுக்கும் பொதுவானது 'குவிக்டேஷ்'. அதிலும் 11 வினாக்கள்தாம். இறுகிய மூடியைத் திறக்க முடிகிறதா, முதுகைத் தேய்த்துக் குளிக்க முடிகிறதா, வலியால் உறக்கம் கெடுகிறதா எனக் கடந்த ஒரு வாரத்தைப் பற்றிக் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை விடை. சராசரியில் 1ஐக் கழித்து 25ஆல் பெருக்கவேண்டும். சராசரி 3 என்றால் மதிப்பெண் 50. நம் ஆறாம் ஆண்டு மாணவர்களே போட்டுவிடும் கணக்கு. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: இங்கே 0தான் முதல் மாணவன், 100 என்றால் கை முற்றிலும் முடங்கிக் கிடக்கிறது.

நோயாளி சொல்வதை எப்படி நம்புவது என்பார்கள். 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டபோதும் வகுப்பறை மதிப்பீட்டைப் பற்றி இதே ஐயந்தான் எழுந்தது. ஒருநாள் மதிப்பெண்ணைவிட ஒரே மாணவனின் முன்னும் பின்னுமான வளர்ச்சியே பெரிது என்று நாம் விடை கூறினோம். இங்கும் அவ்வாறே. அறுவைக்கு முன்பு 70 பெற்றவர் மூன்று மாதத்தில் 30க்கு இறங்கினால் அது செய்தி. முன்னளவு இல்லாத வெறும் 30 எதையும் சொல்லாது. குறையும் உண்டு. எந்தக் கையால் செய்தீர்கள் என்று குவிக்டேஷ் பார்ப்பதில்லை. வலக்கை தேறாமலே இடக்கையால் சமாளிப்பவரும் நல்ல மதிப்பெண் வாங்கிவிடலாம்.

எனக்கு உண்மையான கவலை வேறு. நம் அம்மாமார்கள் மருத்துவரைக் கண்டதும் "பரவாயில்லைங்க டாக்டர்" என்று சொல்லிவிடுவார்கள். உடன்வந்த மகனோ மகளோ வினாவை மொழிபெயர்க்காமலே, தாமே விடையை வட்டமிட்டுவிடுவதும் உண்டு. பிறகு அது யாருடைய விடைத்தாள்? சோற்றுப் பானையை இறக்க முடியாமல் அம்மா தவிப்பதை, மாலையில் வீடு திரும்பும் மகன் எப்படி அறிவான்?

ஆகவே பெற்றோரே, ஆசிரிய நண்பர்களே, அடுத்தமுறை பெரியவர்களை அழைத்துச் செல்லும்போது, தமிழில் வினாத்தாள் உண்டா என முகப்பிலேயே கேளுங்கள். இல்லையெனில் ஒவ்வொரு வினாவையும் தமிழில் நிதானமாகச் சொல்லி, அவர்கள் விடை கூறும்வரை வாய்திறவாமல் இருங்கள். இதை அறுவைக்கு முன்பே ஒருமுறை செய்து, அத்தாளின் படியொன்றைத் தேதியிட்டு வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.