வைஃபை வராவிட்டால் லினக்ஸை அழிப்பதா?

தமிழ்நாடு அரசு கொடுத்த மடிக்கணினியில் லினக்ஸைத் திறந்தால் வைஃபை வரவில்லை என்று ஆலங்காயத்திலோ வாணியம்பாடியிலோ ஒரு மாணவர் சர்வீஸ் கடைக்குப் போனால், கிடைக்கும் வைத்தியம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஃபார்மட் அடித்து விண்டோஸ் மட்டும் போட்டுக் கொடுப்பது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை இது. ‘லினக்ஸ் என்றாலே தொல்லை’ என்ற பேச்சு இப்படித்தான் ஊரில் நிலைத்துவிடுகிறது. ஆனால் அதே மாணவரின் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போன் ஓடுவதும் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில்தான். அதில் வைஃபை வராமல் யாரும் திண்டாடுவதில்லை. போன் தயாரிப்பவர் வைஃபை சில்லைத் தேர்ந்தெடுக்கும்போதே அதற்கான டிரைவரையும் சேர்த்துத் தந்துவிடுகிறார். மாணவர்களுக்கு மடிக்கணினி வாங்கும் அரசும் அதைக் கேட்டு வாங்க வேண்டும். எனவே இந்தப் பழுதை லினக்ஸின் குணமாகப் பார்ப்பதைவிட, கொள்முதலின் கோளாறாகப் பார்ப்பதே சரி.

வைஃபை அட்டைக்குள் ஒரு சிறிய செயலி இருக்கிறது. கணினியை இயக்கும் ஒவ்வொரு முறையும் பெரும்பாலான அட்டைகளுக்கு ஃபர்ம்வேர் என்ற கோப்பை ஊட்ட வேண்டும். அதோடு பேச கெர்னலில் டிரைவரும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் திரையில் வைஃபை குறியே தோன்றாது. விலை குறைந்த மடிக்கணினிகள் பலவற்றில் வந்த ரியல்டெக் 8821சிஇ அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கான டிரைவர் லினக்ஸின் மூலக் கெர்னலுக்குள் வந்தது 2020-இல் வெளியான 5.9 பதிப்பில்தான். அதற்கு முன்பு, தனியாகக் கிடைத்த டிரைவரை அவரவரே தொகுத்து நிறுவ வேண்டியிருந்தது. அப்படி நிறுவியது அன்றைக்கு வேலை செய்யும். கெர்னலைப் புதுப்பித்ததும் படுத்துவிடலாம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கு அடிப்படையான டெபியனோ, கட்டற்ற மென்பொருள் கொள்கையின் பெயரால் இத்தகைய ஃபர்ம்வேரைத் தன் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் நெடுங்காலம் சேர்க்கவே இல்லை. 2022-இல் உறுப்பினர்கள் வாக்களித்து மனம் மாறினார்கள். 2023-இல் வந்த டெபியன் 12-இல் அது சேர்ந்தது. கொள்கை உயர்ந்ததுதான், அவதிப்பட்டது பயனர்.

பழுதைக் கண்டுபிடிப்பதும் மந்திரமல்ல, வரிசை தெரிந்தால் போதும். டெர்மினலில் ‘எல்எஸ்பிசிஐ’ என்று அடித்தால் அட்டையைக் கணினி பார்க்கிறதா என்று தெரியும். ‘ஆர்எஃப்கில் லிஸ்ட்’ அடித்தால் வைஃபை பூட்டப்பட்டிருக்கிறதா என்று காட்டும். விசைப்பலகையில் விமானப் பயன்முறைப் பொத்தானில் தெரியாமல் கை பட்டதே பல நேரம் காரணமாக இருக்கும். ‘டிமெஸ்ஜ்’ தரும் செய்திகளில் ஃபர்ம்வேர் ஏறவில்லை என்ற வரி இருந்தால் நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. இணையமே இல்லாமல் அந்தக் கோப்பை எப்படி இறக்குவது என்றால், போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போட்டால் போதும். அதற்கு வைஃபை டிரைவர் தேவையில்லை.

‘போனே இருக்கும்போது, விண்டோஸும் இருக்கும்போது, இந்தப் பாடு எதற்கு?’ என்று கேட்கலாம். ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலைக்கு அம்மா வேலைக்குப் போகும்போது வீட்டின் ஒரே போனும் கூடவே போய்விடுகிற குடும்பத்தில் டெதரிங் அன்றாட வழியாகாது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் தந்த பழைய மடிக்கணினிகளில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அவற்றை நெடுங்காலம் பாதுகாப்பாகப் பயன்படுத்தச் செலவில்லாத வழி லினக்ஸ்தான். சிறுநகரத்துப் பிள்ளைகளுக்குக் கட்டளை அடிக்க வராது என்பது இன்னொரு வாதம். கேரள அரசுப் பள்ளிகள் 2000-களிலேயே லினக்ஸுக்கு மாறி, ஆசிரியர்களுக்கும் பயிற்சி தந்து, இன்றுவரை நடத்திக்காட்டுகின்றன. ஆலங்காயத்திலிருந்து கொஞ்சம் மலையேறினால் வரும் காவலூர் வானாய்வகத்தின் துறையான வானியலில், நட்சத்திரத் தரவை அலச வானியலாளர்கள் நெடுங்காலம் நம்பிய ஐராஃப் மென்பொருளும் யுனிக்ஸ், லினக்ஸ் குடும்பத்தில் ஓடுவதே. மலையடிவாரத்துப் பிள்ளைக்கு மட்டும் அது எட்டாது என்பது வாதமல்ல, அலட்சியம்.

ஆள் பற்றாக்குறை உண்மை. ஒவ்வொரு கல்லூரியிலும் லினக்ஸ் தெரிந்தவர் இருக்க மாட்டார். அதனால்தான் வாங்கும் இடத்திலேயே சரிசெய்ய வேண்டும் என்கிறேன். தமிழ்நாடு அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கை இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினிச் சாதனம் தருவதாக அறிவித்தது. இந்த அளவில் வாங்குகிறவர் சொன்னால் எந்த நிறுவனமும் கேட்கும். வைஃபை அட்டையின் டிரைவர் மூலக் கெர்னலிலேயே இருக்க வேண்டும், ஃபர்ம்வேர் கணினியோடு வர வேண்டும், லினக்ஸைப் புதுப்பித்த பிறகும் இணைப்பு வருகிறதா என்று சோதித்தே சரக்கை ஏற்க வேண்டும். இவை டெண்டர் ஆவணத்தில் நிபந்தனையாக இடம்பெறட்டும். மேலே சொன்ன கட்டளைகளை ஒரு பக்கத்தில் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு பெட்டிக்குள்ளும், கொள்முதல் செய்யும் அரசு நிறுவனமான எல்காட் வைக்கட்டும்.