கல்வாழைக்கும் பாகப்பிரிவினை

மேனாட்டுத் தோட்ட நூல்கள் பல்லாண்டுச் செடிகளை இலையுதிர் காலத்திற் பிரித்து நடுமாறு கூறும். ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருந்தும், கண்டியிற் செடிகள் பனியில் உறங்குவதில்லை. நமக்கு வாய்த்தது, இரு பருவக் காற்றுகளுக்கும் இடைப்பட்ட ஐப்பசி மழை. வேரறுபட்ட கிழங்கு வாடுமுன் ஈரம் பற்றிக்கொள்ளும்.

சென்ற ஆண்டு எம் கிணற்றடிக் கல்வாழை பூக்க மறுத்தது. காலஞ்சென்ற எம் அன்னையார் நட்டது அது. "அம்மாவின் செடி, தொடாதே" என்றார் தமக்கையார். எருவிட்டோம், பயனில்லை. ஈற்றில் அவரறியாமல் தோண்டினோம். நடுவிலிருந்தவை முளையற்ற கிழட்டுக் கிழங்குகள். உயிரெல்லாம் ஓரத்தில் நெருக்குண்டு கிடந்தது.

நடுக்கிழங்குகளை நீக்கிவிட்டு, ஓரத்தவற்றை இரண்டு மூன்று முளைகளுள்ள துண்டுகளாக வெட்டினோம். இலைகளைப் பாதியளவு நறுக்கி, ஒன்றரை அடி இடைவெளியில், மூன்று அங்குல ஆழத்தில் நட்டோம். நம்மூர்ச் சரிவு நிலத்தில் மேலிருந்து கீழாக வரிசையிட்டால், முதல் அடைமழையிலேயே மண்ணும் கிழங்கும் அயல்வீட்டாருக்குச் சீதனமாகிவிடும். ஆகவே, சரிவுக்குக் குறுக்கே நடுதல் வேண்டும்.

ஜெர்பராவையும் இவ்வாறே பிரிக்கலாம். ஆனால் அதன் குருத்து மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும், புதைந்தால் அழுகிவிடும்.

தமக்கையார் ஒரு கிழமை எம்முடன் பேசவில்லை. தை மாதத்திற் கல்வாழை சிவப்பாய்ப் பூத்தது. அதன்பின் இரண்டு கிழங்குகளைச் சாக்கிற் சுற்றி, மாத்தளையிலுள்ள தம் மகளுக்கென அவரே கொண்டுசென்றார்.